குருதிக்கொடையும் வன்னியின் தடைகளும்



வன்னி நாட்டின் வரலாற்றைப் பேசப் புகுந்தோர் பெரும்பாலும் குருதி சிந்திய கதையையே பேசியிருக்கிறார்கள். 1803ஆம் ஆண்டு முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டார வன்னியன் கைப்பற்றியதும், அதே ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படைக்குத் தோற்றதும் நம் சிறுவரும் அறிந்த செய்திகள். அதன் பின்னர் நம் காலத்திலேயே இந்த மண் கண்ட போர்களை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சிந்திய குருதிக்கு நினைவுக்கல் உண்டு, கதை உண்டு, கூத்தும் உண்டு. பிறர் உயிர் காக்க மனம் உவந்து கொடுத்த குருதிக்கோ கல்லுமில்லை, கதையுமில்லை. கொடுக்க வந்தும் கொடுக்க இயலாமல் திரும்பியவர்களின் கதையை எவரும் சொல்லவே இல்லை. அந்தக் கதையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

உடலின் ஒரு பகுதியையே பிறர்க்கு ஈவது நமக்குப் புதிய கொள்கையன்று. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் இட்ட சிபி மன்னன் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். இறைவன் கண்ணிற் குருதி வடியக் கண்டு தன் கண்ணையே இடந்து அப்பிய கண்ணப்ப நாயனாரைக் கோயில்தோறும் வணங்குகிறோம். ஆகவே, வன்னி மக்களுக்குக் கொடுக்கும் மனம் இல்லாமையால் வைத்தியசாலைகளிற் குருதி குறைந்தது என்று எவரேனும் சொன்னால், அதனை நான் ஒப்பமாட்டேன். மனம் எக்காலத்தும் இருந்தது. இடையில் நின்றவை வேறு.

அவை யாவை என்று காணுமுன், தடைகளிலும் இருவகை உண்டு என்பதை மனத்திற் கொள்ளுதல் நன்று. குளங்களை நம்பி வாழும் வன்னியார்க்கு இதனை விளக்குவது எளிது. குளத்துக்குக் கட்டு வேண்டும். கட்டு இல்லாவிடின் நீர் ஊருக்குள் புகுந்து அழிவு செய்யும். ஆனால் துருசு அடைபட்டுப் போனால், குளம் நிறைந்திருக்கவும் வயல் காய்ந்துவிடும். குருதிக்கொடையிலும் நோயாளியைக் காப்பதற்காக இட்ட கட்டுகள் உண்டு. கவனிப்பாரின்றி நேர்ந்த அடைப்புகளும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்து அறிவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

உலக வரலாற்றைச் சிறிது நோக்குவோம். உடலிற் குருதி சுற்றியோடுகிறது என்பதை வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவர் நூலாக வெளியிட்டது 1628ஆம் ஆண்டில். அதற்கு நாற்பது ஆண்டுகள் செல்லுமுன்னரே, 1667இல், பாரிஸ் நகரில் ஜீன் டெனிஸ் என்பவர் ஆட்டுக்குட்டியின் குருதியை ஒரு சிறுவனின் உடலிற் செலுத்தினார். அவன் பிழைத்தது தற்செயலே. அடுத்து அவரிடம் சிகிச்சை பெற்ற ஒருவன் இறந்துபோகவே, வழக்கு எழுந்தது. பிரான்சில் அம்முறை தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அதனை எவரும் தீண்டவில்லை. 1818இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல் மனிதனுக்கு மனிதக் குருதியையே ஏற்றிப் பார்த்தார். மகப்பேற்றின்போது குருதி பெருகித் தாய்மார் மடிவதைக் கண்டு பொறாத நெஞ்சமே அவரை இம்முயற்சிக்குத் தூண்டிற்று. அவருக்குச் சிலவேளை வெற்றி கிட்டியது, சிலவேளை தோல்வி. ஏன் என்று அவர்க்கும் விளங்கவில்லை.

அந்தப் புதிரை அவிழ்த்தவர் வியன்னா நகரத்துக் கார்ல் லாண்ட்ஸ்ரைனர். எல்லார் குருதியும் சிவப்பெனினும் எல்லாம் ஒன்றல்ல, அவற்றில் இனங்கள் உண்டு என்று 1901இல் அவர் வெளியிட்டார். 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த யூன் 14ஆம் நாளே இன்று உலகக் குருதிக் கொடையாளர் தினமாகப் போற்றப்படுகிறது. பின்னர் 1914ஆம் ஆண்டளவில், சோடியம் சித்திரேற்று என்னும் உப்பைச் சேர்த்தாற் குருதி உறையாது என்பது கண்டறியப்பட்டது. அதுவரை கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே படுக்க வேண்டியிருந்தது. அன்றுமுதல் ஓரிடத்திற் பெற்று வேறிடத்திற் கொடுப்பது இயல்வதாயிற்று. 1921இல் இலண்டனில் பேர்சி லேன் ஒலிவர் என்னும் செஞ்சிலுவைத் தொண்டர், வைத்தியசாலையிலிருந்து வந்த அவசர அழைப்பைக் கேட்டுச் சிலரை அழைத்துக்கொண்டு விரைந்தார். அந்த ஒருநாள் அனுபவமே, பணம் பெறாது குருதி கொடுக்கும் தொண்டர் அணி ஒன்றுக்கு வித்தாயிற்று. 1937இல் சிக்காகோவில் ஒரு வைத்தியசாலை இரத்த வங்கியை அமைத்தது.

அறிவியல் ஒரு தடையை நீக்க, மனிதன் மற்றொன்றை எழுப்பினான். இரண்டாம் உலகப் போரின்போது குருதித் திரவவிழையத்தைச் சேமித்து அனுப்பும் முறையைச் செப்பஞ் செய்தோருள் தலையாயவர் சார்ள்ஸ் ட்ரூ என்னும் அமெரிக்கக் கறுப்பின மருத்துவர். ஆயினும் அவருடைய இனத்தார் கொடுத்த குருதியை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் ஏற்க மறுத்தது. பின்பு ஏற்றும், 1950ஆம் ஆண்டுவரை வேறாகப் பிரித்தே வைத்தது. நோயாளிக்கு அதனால் எள்ளளவும் பயனில்லை. குளக்கட்டென்று பெயரிட்டுத் துருசை அடைத்த செயல் அது.

இனி நம் வன்னிக்கு வருவோம்.

இங்கே முதன்முதலாக நின்ற தடை காய்ச்சல். வன்னிக்கு மாற்றம் என்ற கடிதம் வந்ததும் அக்காலத்து அரசாங்க உத்தியோகத்தர் முகம் வாடியதற்கு மலேரியாவே காரணம். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையின் தென்மேற்குப் பகுதிகளைத் தாக்கிய கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் குடித்தது வரலாற்றிற் பதிந்துள்ளது. வறண்ட வலயத்திலோ மலேரியா விருந்தாளியன்று, வீட்டிலேயே குடியிருந்தது. டீடீற்றி மருந்து தெளித்ததன் பயனாக, 1963இல் நாடு முழுவதிலும் நோயாளர் தொகை பதினேழாகக் குறைந்தது. வெற்றி கிட்டியதென்று கண்காணிப்பு தளர, ஐந்தாறு ஆண்டுகளுக்குள் நோய் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. போர்க்காலத்தில் வடக்கும் கிழக்குமே அதன் உறைவிடங்களாயின.

காய்ச்சலுக்கும் குருதிக்கொடைக்கும் உள்ள தொடர்பு என்னவெனில், மலேரியாக் கிருமி குருதியின் செங்குழியங்களிலேயே வாழ்கிறது. காய்ச்சல் தணிந்தவர் உடலிலும் அது மறைந்து கிடக்கக்கூடும். அவர் அன்போடு கொடுத்த குருதி, முன்னரே தளர்ந்து கிடக்கும் நோயாளிக்கு நஞ்சாகிவிடும். ஆகவே அண்மையில் மலேரியா கண்டவரை விலக்கி வைப்பது மருத்துவ நியாயம். ஆனால் ஊரிற் பெரும்பாலோரும் மலேரியா கண்டவராயின் என் செய்வது?

இதனை நான் நேரிற் கண்டேன். 1997ஆம் ஆண்டு மாரிகாலம். இடம்பெயர்ந்து வன்னியின் உட்புறத்துச் சிற்றூர் ஒன்றில் இளம் ஆசிரியனாக இருந்தேன். எங்கள் அயலில் இருந்த ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தின் பின் குருதிப் பெருக்கு நிற்கவில்லை. உழவு இயந்திரத்தின் பெட்டியிலே அவரைக் கிடத்தி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். செய்தி கேட்டு நாங்கள் பதினான்கு பேர் சைக்கிள்களிற் பின்னே சென்றோம். மருத்துவர் ஒவ்வொருவரிடமும் கேட்ட முதற்கேள்வி, "அண்மையிலே காய்ச்சல் வந்ததோ?" என்பதுதான். ஒன்பது பேர் அந்தக் கேள்வியோடு விலகினோம். அவர்களுள் நானும் ஒருவன். மூவரின் குருதி இனம் பொருந்தவில்லை. எஞ்சிய இருவரிடமே பெற்றார்கள். அத்தாய் பிழைத்தார், பெண்குழந்தையும் பிழைத்தது. வெளியே மரத்தடியில், கையிருந்தும் கொடுக்க இயலாதவனாய் நின்ற அந்த இரவை நான் மறக்கவில்லை. விலக்கிய மருத்துவர் மீது எனக்குக் குறையில்லை. அவர் கட்டைக் காத்தவர். ஊர் முழுவதையும் காய்ச்சலுக்கு விட்டுவைத்த நிலைமையே துருசை அடைத்தது.

இரண்டாவது தடை போர். குருதி கெடாமல் இருக்க வேண்டுமாயின் 2 முதல் 6 பாகை வரையான குளிரில் அதனை இடையறாது வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தாலும் முழுக்குருதி ஏறத்தாழ முப்பத்தைந்து நாட்களே பயன்படும். குருதிச் சிறுதட்டுக்களின் ஆயுள் ஐந்து நாட்களே. மின்சாரமின்றி, எரிபொருளுக்கும் மருந்துக்கும் கட்டுப்பாடு இருந்த ஆண்டுகளில் இவ்விதிகளைக் காப்பது எத்துணை அரிது என்பதை வன்னியிற் பணியாற்றிய மருத்துவரும் தாதியருமே அறிவர். 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தபோது சற்றே மூச்சு விட்டோம். 2006 ஓகஸ்ட் மாதத்தில் முகமாலையில் அது மீண்டும் மூடப்பட்டது.

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களைப் பற்றி நான் விரித்துரைக்கப் போவதில்லை. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் அளித்த அறிக்கையிற் பதிந்துள்ள ஒரு செய்தியை மட்டும் சொல்கிறேன். ஏற்றுவதற்குக் குருதி கிடையாத நிலையில், காயம்பட்டவர் உடலிலிருந்து வெளியேறிய குருதியையே துணியில் வடித்து மருத்துவர்கள் அவருக்கே மீண்டும் ஏற்றினார்கள். கொடுப்போரும் பெறுவோரும் ஒரே நிலப்பரப்பில் நெருங்கிக் கிடந்த காலம் அது. பெறுவதற்கு வேண்டிய பையும், பரிசோதிப்பதற்கு வேண்டிய மருந்தும், பாதுகாக்கும் குளிரும், அமைதியாக ஒருவரைக் கிடத்த ஓரிடமும் இல்லாதவிடத்து, ஆயிரம் கைகள் நீண்டும் பயனில்லை. குருதிக்கொடை நல்ல மனத்தால் மட்டும் ஆவதன்று. அமைதியும் அமைப்பும் அதற்கு அடித்தளம்.

போர் ஓய்ந்தபின் எதிர்ப்பட்ட மூன்றாவது தடை ஒரு சிறு அட்டை. நம் நாட்டின் தேசிய குருதி மாற்றுச் சேவையின் விதிப்படி, குருதி கொடுப்பவர் 18 வயதுக்கு மேற்பட்டும் 60 வயதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். இறுதியாகக் கொடுத்து நான்கு மாதங்களேனும் கழிந்திருத்தல் வேண்டும். தன் அடையாளத்தை நிறுவும் ஆவணம் ஒன்றைக் காட்டுதல் வேண்டும். இது நியாயமான விதி. பரிசோதனையில் நோய் ஏதும் தெரிந்தால் உரியவரைத் தேடி அறிவிக்க வேண்டாமா? ஆனால் முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்களிற் பலர் உடுத்த உடையோடு வந்தவர்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி யாவும் பதுங்கு குழிகளிலும் கடற்கரை மணலிலும் போயின. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டு மக்கள் ஊர் திரும்பிய பின்னரும், காணாமற் போன கடதாசிகள் திரும்பவில்லை.

பாடசாலை மாணவரின் அடையாள அட்டை விண்ணப்பத்தை உறுதிப்படுத்திக் கையொப்பம் இடுபவர் அதிபரே. ஆதலால் இத்தடையின் பாரத்தை என் மேசையிலேயே கண்டேன். 2013இல் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டிய ஒரு மாணவி பிறப்புச் சான்றிதழ் இன்றி வந்து நின்றாள். தாயின் பெயரைக் கேட்டபோதுதான், 1997ஆம் ஆண்டு மாரிகாலத்து இரவில் இருவர் கொடுத்த குருதியால் தாயை இழவாத குழந்தை அவள் என்று அறிந்தேன். பிறப்புப் பதிவின் பிரதியைத் தேடிக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திடமும் மாவட்டச் செயலகத்திடமும் அத்தாய் நடந்த நடை கொஞ்சமன்று. பதிவே அகப்படாதவர் உத்தேச வயதுச் சான்றிதழ் பெற வேண்டும், அதற்கும் நடையுண்டு. ஒரு நாட்கூலியை இழந்தே ஒவ்வொரு நடையும். அட்டை கைக்கு வந்த நாளில் அப்பிள்ளை அதனைத் துணியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

நான்காவது தடை தூரமும் பொழுதும். நம் நாட்டிற் சேரும் குருதியின் பெரும்பகுதி நடமாடும் முகாம்களிலேயே சேருகிறது. முகாம் வைப்பவர்கள் வன்னியின் நாட்காட்டியை அறிந்து வைத்தல் வேண்டும். மாரி விதைப்பிலும் தை, மாசி அறுவடையிலும் உழவரை அழைத்தால் எப்படி வருவார்? விடியுமுன் கடலுக்குப் போய் வெயிலேற மீளும் முல்லைத்தீவு மீனவரைக் காலை ஒன்பது மணிக்கு அழைத்தால் யார் வருவார்? மாஞ்சோலையில் இருக்கும் மாவட்ட வைத்தியசாலைக்கு உட்கிராமத்தவர் போய்வர ஒரு நாள் முழுவதும் செலவாகும். அன்றைய கூலியும் போகும். கோயில் முன்றலிலும் பாடசாலை மண்டபத்திலும், மக்கள் கூடும் நாளில் முகாம் வைத்த இடங்களிலெல்லாம் வரிசை நீண்டதை நான் கண்டிருக்கிறேன்.

ஐந்தாவது தடை, கொடுப்பவர் உடலிலேயே உள்ள வறுமை. ஈமோகுளோபின் அளவு போதாதவரிடம் குருதி பெறுவதில்லை. அவரைக் காப்பதற்காகவே அந்த விதி. இதனால் மிகுதியும் திருப்பி அனுப்பப்படுவோர் பெண்களே. வீட்டிலே கடைசியாக உண்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள், காரணம் விளங்கும். நான் சொன்ன மாணவியும் பதினெட்டு வயது நிறைந்து, எங்கள் பாடசாலையில் நடந்த முகாமுக்கு ஆவலோடு வந்தபோது, விரல் நுனிக் குருதியைப் பார்த்த தாதி, "பிள்ளை, கொஞ்சம் தேறி வா" என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். முருங்கையிலையும் மீனும் பயறும் உண்ணும்படியும், உண்டவுடனே தேநீர் அருந்துவதை விடும்படியும் சொன்னார். தேநீர் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும். தேசிப்புளி அதற்குத் துணை செய்யும். அவள் அடுத்த முகாமுக்கும் வந்தாள், அம்முறை கொடுத்தாள்.

அந்தத் தாதியின் சொல்லைக் கவனித்தீர்களா? திருப்பி அனுப்புவது எவ்வாறு என்பதும் ஒரு பெரிய காரியம். காரணம் சொல்லாமல், அல்லது அவருக்கு விளங்காத மொழியிற் சொல்லி ஒருவரைத் திருப்பினால், தம் குருதி இழிந்ததென்று ஒதுக்கினார்கள் என்றே அவர் எண்ணுவார். மறுமுறை வரவே மாட்டார். அவர் வீட்டாரும் வரமாட்டார்கள். வாய்ச்சொல்லால் எழும் சுவர் இது. வாய்ச்சொல்லாலேயே இதனை இடிக்கவும் கூடும்.

ஆறாவது தடை அச்சம். குருதி கொடுத்தால் வேலைசெய்யும் பலம் போய்விடும் என்பர் சிலர். வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் குருதி உண்டு. ஒரு முறை பெறுவது அரை லீற்றருக்கும் குறைவு. அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாட்களில் ஈடாகிவிடும். செங்குழியங்கள் சில வாரங்களில் நிரம்பும். கொடுத்த குருதியை விற்றுவிடுவார்கள் என்று அஞ்சுவோரும் உளர். இலங்கையில் இன்று குருதி பணத்துக்குப் பெறப்படுவதில்லை. 2014ஆம் ஆண்டளவில், உறவினரைக் கொண்டு ஈடு செய்யும் முறையும் நீங்கி, முழுவதும் தொண்டர் கொடையாலேயே நாட்டின் தேவை நிறைவேறும் நிலை வந்தது. அவ்வாண்டு உலகக் குருதிக் கொடையாளர் தினத்தை உலக சுகாதார நிறுவனம் கொழும்பிலேயே நடத்தியது. தாய்மாரைக் காக்கப் பாதுகாப்பான குருதி என்பதே அவ்வாண்டுப் பொருள். பிளண்டெல் கண்ட கனவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து நம் நாடு விளக்கேற்றியது என்பேன்.

கட்டு என்பதும் எக்காலத்துக்கும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டியதன்று. புலம்பெயர்ந்த நம் உறவினர் வாழ்விலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன். 1980க்கும் 1996க்கும் இடையில் பிரித்தானியாவில் வாழ்ந்தவர்கள், அங்கு பரவிய மாட்டு மூளைநோயின் அச்சம் காரணமாக, அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் குருதி கொடுக்க விலக்கப்பட்டிருந்தார்கள். இலண்டனிற் சில காலம் தங்கிப் பின் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் போன தமிழரும் அவர்களுள் அடங்குவர். ஆண்டுகள் பல சென்று, ஆபத்து மிகக் குறைந்தது என்று ஆய்வு காட்டவே, அவுஸ்திரேலியா 2022 யூலையிலும் கனடா 2023 டிசம்பரிலும் அவ்விதியை நீக்கின. அறிவு வளர விதியும் மாறியது. அவ்வாறே இலங்கையில், உள்நாட்டில் தொற்றிய மலேரியா 2012 ஒக்ரோபரோடு நின்றது; 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. 1997இல் எங்கள் ஒன்பது பேரைத் திருப்பி அனுப்பிய கேள்விக்கு, இன்று வன்னி இளைஞன் எவனும் "இல்லை" என்று தலைநிமிர்ந்து மறுமொழி சொல்லலாம். வீடுவீடாக மருந்து தெளித்தவரும், காய்ச்சற்காரரின் விரல் நுனியிற் குருதி எடுத்துக் கண்ணாடித் துண்டிற் பார்த்தவரும் நமக்குச் செய்த கொடை அது. 1963க்குப் பின் நேர்ந்த தளர்ச்சியை மறவாதிருத்தல் நம் கடன்.

நேயர்களே, இவ்வரலாறு எனக்கு உணர்த்துவது ஒன்று. குருதி போதவில்லை என்றதும் மக்களுக்கு உபதேசம் செய்யப் புறப்படுவது எளிது. காய்ச்சல் நீங்கியபோதும், வீதி திறந்தபோதும், அட்டை கைக்கு வந்தபோதும், முகாம் ஊருக்குள் வந்தபோதும், தாதி கனிவாகப் பேசியபோதும் மக்கள் தாமாகவே வந்தார்கள். எயிட்ஸ், ஈரல் அழற்சி இருவகை, மேகநோய், மலேரியா என்பவற்றுக்கான பரிசோதனைகள் கட்டாக நிற்கட்டும். அவற்றை ஒருபோதும் தளர்த்தலாகாது. அடைபட்ட துருசுகளைத் தேடித் திறப்பது அதிகாரிகளுக்கும் ஆசிரியர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் உரிய பணி.

காய்ச்சல் நீங்கி, அட்டை பெற்று, நானும் பல முறை குருதி கொடுத்துவிட்டேன். இப்போது எனக்கு வயது ஐம்பத்தேழு. நான்கு மாதத்துக்கு ஒரு முறை என்று கணக்கிட்டால், அறுபது நிறையுமுன் இன்னும் ஏழெட்டு முறை கொடுக்கலாம். இளமையில் மரத்தடியில் நின்று இழந்த ஆண்டுகளை எவரும் எனக்குத் திருப்பித் தர இயலாது. கேட்டுக்கொண்டிருக்கும் இளையோர்க்கு அந்த இழப்பு நேராதிருக்கட்டும். உங்கள் அட்டையை எடுத்து வையுங்கள். காலையில் நன்றாக உண்ணுங்கள். அடுத்த முகாம் எங்கே என்று விசாரியுங்கள். அங்கே திருப்பி அனுப்பினால், ஏன் என்று பணிவோடு கேளுங்கள். காரணம் அறிந்து, தேறி, மறுபடியும் செல்லுங்கள்.